ஆயிரம் ரூபாயை அரிசியாகக் கொடுப்பதா, பணமாகவா, வேலையாகவா?

"இலவசம் நல்லதா கெட்டதா?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். கேள்வியே சரியில்லை. ஆனால் இரண்டு பேர் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டார்கள். பொருளாதார வளர்ச்சி குறைகிறது, ஏழைக்கும் பணக்காரருக்கும் இடைவெளி கூடுகிறது, அரசிடம் இருப்பதோ அளவான பணம், அதை எந்த வழியில் செலவழித்தால் உருப்படியாக இருக்கும் என்று. வாக்குறுதிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற எவருக்கும் இது நியாயமான கேள்விதான்.

சுலபமாக ஒப்பிட ஒரு அளவை வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அதை ரேஷன் அரிசியாகக் கொடுக்கலாம், வங்கிக் கணக்கில் போடலாம், நூறு நாள் வேலைக்குக் கூலியாகக் கொடுக்கலாம், அல்லது கம்பெனிகளுக்கும் சம்பளக்காரர்களுக்கும் வரியைக் குறைத்துவிட்டு அது கீழே இறங்கி வரும் என்று காத்திருக்கலாம்.

முதலில் நிலவரம்

இந்தியாவின் வளர்ச்சி 2016-17ல் 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2019-20ல் 4 சதவீதத்துக்கு அருகில் வந்து நின்றது. அதன் பெரும்பகுதி கொரோனா வருவதற்கு முன்பே நடந்த சரிவு. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு எண். விவசாயத்தில் வேலை செய்பவர்களின் பங்கு 2018-19ல் 42.5 சதவீதம், 2020-21ல் 46.5. ஒரு நாடு வளரும்போது ஆட்கள் வயலிலிருந்து ஆலைக்குப் போவார்கள், இங்கே திரும்பி வந்தார்கள். அப்புறம் வளர்ச்சி மீண்டது, 2023-24ல் ஆஹா ஓஹோ என்றார்கள், ஆனால் அந்தப் பங்கு அந்த ஆண்டும் 46க்குப் பக்கத்திலேயே நின்றது. வளர்ச்சி திரும்பி வந்தது, போன ஆள் திரும்பிப் போகவில்லை.

மேலே என்ன நடக்கிறது? உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் கணக்குப்படி 2022-23ல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினருக்குப் போகிறது. இந்தக் கணக்கில் சண்டை இருக்கிறது. அரசின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் வீடு வீடாகப் போய்ச் செலவைக் கேட்கும் கணக்கெடுப்புக்குப் பங்களாக் கேட் அவ்வளவு லேசில் திறப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

அதே கணக்கெடுப்பு கீழ்த்தட்டைப் பற்றிச் சொல்வது உபயோகமானது. 2023-24ல் கிராமத்தில் கடைசி 5 சதவீதத்தில் இருப்பவரின் மாதச் செலவு தலைக்கு 1,677 ரூபாய். நாலு பேர் வீடு என்றால் சுமார் 6,700. அந்த வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்பது ஏழில் ஒரு பங்கு. "ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது" என்று சொல்பவர்கள் வேறு வீட்டில் இருந்து பேசுகிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து. யாருக்குப் போய்ச் சேருகிறது, யார் விடுபட்டுப் போகிறார்கள். தேவைப்படும் நேரத்தில் வருகிறதா. வாங்குவதற்கு எவ்வளவு அலைய வேண்டும், அந்த நாளின் கூலி போகிறதா. விலைவாசி ஏறினால் அதன் மதிப்பு நிற்குமா, கரையுமா. கடைசியாக ஒன்று, பட்ஜெட் விவாதங்களில் பெரும்பாலும் வராதது: அதை வாங்குகிறவர் அடுத்த நாள் கூலி பேசும்போது அவர் கை ஓங்குகிறதா? குறைந்த கூலிக்கு "வரமாட்டேன்" என்று சொல்லும் தெம்பு அவருக்கு வருகிறதா? இதற்கு நான் கொடுக்கும் எடை மற்ற நாலையும்விட அதிகம். ஏன் என்று வேலைப் பகுதியில் சொல்கிறேன்.

அரிசி

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை இலவசம், பரம ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டைக்கு 35 கிலோ. வெளிக்கடையில் சுமாரான அரிசியே 45, 50 ரூபாய் விற்கிறது, ஆக 20 கிலோ என்பது தாளில் நம் ஆயிரம் ரூபாய்தான். நாட்டின் மற்ற பகுதிகளில் 2013ன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தலைக்கு 5 கிலோ. 2020 ஏப்ரலில் கூடுதலாக 5 கிலோ சேர்த்தார்கள். 2023 ஜனவரியில் அந்தக் கூடுதலை நிறுத்திவிட்டு, அடிப்படை 5 கிலோவை முழு இலவசமாக்கினார்கள். சுமார் 80 கோடிப் பேர்.

அரிசியின் முதல் பலம், கிலோ என்பது கிலோதான். விலை ஏறினாலும் 20 கிலோ 18 கிலோ ஆகாது. இரண்டாவது, நெருக்கடியில் வேகம். 2020ல் எல்லாம் மூடிக் கிடந்தபோது கிடங்கில் நெல்லும் அரிசியும் இருந்தன, தெருமுனையில் கடையும் இருந்தது. மூன்றாவது, யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும் தலைவலி தமிழ்நாட்டில் குறைவு. கேட்டால் கிடைக்கும், வேண்டாதவர் வாங்காமல் விடலாம்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். கொள்முதல், கிடங்கு, லாரி எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு அரசுக்கு 40 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகிறது. அதே அரிசி வீட்டுக்கு வந்ததும் என்ன மதிப்பு பெறுகிறது என்பது வீட்டைப் பொறுத்தது. எங்கள் பெரியம்மா வீட்டில் ரேஷன் புழுங்கல் சோற்றுக்கு வராது, இட்லிக்குத்தான். ஊறவைத்து உளுந்தோடு அரைத்தால் பஞ்சு மாதிரி வரும், இதில் எந்தக் கடை அரிசியும் அதை மிஞ்சாது என்பது அவர் கட்சி. இட்லிக்கு மாதம் 6 கிலோ போதும். மீதி? கோழிக்குக் கொஞ்சம், மாவு மில்லுக்குக் கொஞ்சம், அல்லது சைக்கிளில் வந்து கிலோ எட்டு பத்து ரூபாய்க்கு வாங்கிப் போகிறவருக்கு. நாற்பது ரூபாய்ப் பொருள் பத்து ரூபாய்க்குக் கைமாறும் இடத்தில் முப்பது ரூபாய் காற்றில் போகிறது.

அப்புறம் கைரேகை விழாத கிழவிகள், "பாமாயில் இன்னும் லோடு வரலை, திங்கக்கிழமை வாங்க" என்ற பதில், அந்தத் திங்கட்கிழமைக்காக விட்ட அரை நாள் கூலி. திருப்பூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒடிசாப் பையனின் அட்டை ஊரில் அம்மாவிடம் இருக்கிறது. எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்று திட்டம் இருந்தாலும் அவன் சாப்பிடுவது கடையில் வாங்கிய அரிசியைத்தான்.

கை ஓங்குகிறதா? ஓரளவு. பட்டினி பயம் இல்லாதவர் கொஞ்சம் நிமிர்ந்து பேசுவார். ஆனால் மருந்துச் சீட்டுக்கும் ஸ்கூல் ஆட்டோவுக்கும் அரிசியைக் கொடுக்க முடியாது.

பணம்

தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. மாதம் ஆயிரம், ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு. 2024-25 பட்ஜெட்டில் இதற்கு 13,720 கோடி.

பெரியம்மாவுக்கு மாதத்தின் நடுவில் போனில் மெசேஜ் வரும். அவருக்குப் படிக்கத் தெரியாது, சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார் என்று பேரன் கிண்டல் செய்வான். அதில் 400 குழுக் கடன் தவணைக்கு, 300 சொச்சம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு, மீதி கடைக்காரர் நோட்டில் இருக்கும் பாக்கிக்கு. மூன்றாம் நாள் கணக்கில் ஒன்றும் இருக்காது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, மந்தநிலையில் இதுதான் வேண்டியது. மேல்தட்டு வீட்டுக்குப் போகும் ஆயிரம் மியூச்சுவல் ஃபண்டில் உட்காரும். இந்த ஆயிரம் அதே வாரத்தில் மருந்துக்கடை, மளிகைக்கடை என்று ஓட ஆரம்பித்துவிடுகிறது. கென்யாவில் ஒரு மாவட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்குப் பெருந்தொகையாகப் பணம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் சுமார் இரண்டரை டாலர் பெருகியது, விலைவாசியும் அவ்வளவாக ஏறவில்லை. நம் ஊரில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே கொடுத்தது மொத்தமாக, இங்கே மாதா மாதம். ஆனால் திசை அதுதான்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது, வடிகட்டுவது. ஆரம்பத்தில் விண்ணப்பித்த 1.63 கோடிப் பேரில் மூன்றில் ஒருவருக்கு மேல் தள்ளுபடி. வருமானம் 2.5 லட்சத்துக்குள், வருடத்துக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள். ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் கூட்டுக் குடும்பம் இதில் மாட்டும், தனித்தனி மீட்டர் வாங்கிய வசதியான வீடு தப்பித்துக்கொள்ளும். இரண்டாவது, பணம் கரையும். வருடம் 5 சதவீதம் விலை ஏறினால் இரண்டு வருடத்தில் ஆயிரத்தின் மதிப்பு சுமார் 900. அரிசிக்கு இல்லாத நோய் இது. மூன்றாவது வங்கி. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் முதல் மாதப் பணத்தை மினிமம் பேலன்ஸ் இல்லை என்று ஒரு வங்கி பிடித்துக்கொண்டது. மேனேஜரைப் பார்க்க இரண்டு நடை, பஸ் இலவசம் என்பதால் தப்பித்தார்.

சரி, அப்படியானால் அரிசியை நிறுத்திவிட்டு மொத்தத்தையும் பணமாகக் கொடுத்துவிடலாமா? செய்து பார்த்த இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரி. 2015 செப்டம்பரில் சண்டிகரோடு சேர்த்து அங்கே ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் போட ஆரம்பித்தார்கள். முதல் சில மாதங்களில் பலர் "வரவே இல்லை" என்றார்கள். எந்தக் கணக்கில் விழுந்தது என்றே தெரியாதவர்கள் அதில் நிறையப் பேர். போகப் போகக் குழப்பம் குறைந்தது, பணமே தேவலை என்றவர்களும் கூடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் புதுச்சேரி அரசு தனியாகக் கொடுத்துவந்த இலவச அரிசி பணமா அரிசியா என்பது துணைநிலை ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் நடுவில் வருடக்கணக்கில் இழுபறியானது. கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். கடைசியில் 2024 தீபாவளிக்கு முன்னால் ரேஷன் கடைகளைத் திரும்பத் திறந்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பணம் தோற்றது என்பதில்லை. கடையை மூடுவது ஒரு நாள் வேலை, திறக்க வருடக்கணக்கில் ஆகும். இருக்கிற ஏற்பாட்டை இடித்துவிட்டுப் பணம் கொடுப்பதும், அதன்மேல் பணம் கொடுப்பதும் ஒன்றல்ல. "இரண்டும் ஒரே செலவுதானே" என்று சொல்கிறவர் இந்த இடிப்புச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேலை

நூறு நாள் வேலை 2005ல் வந்த சட்டம், 2006 பிப்ரவரியில் ஆந்திராவின் அனந்தபூரில் தொடங்கியது, 2008ல் எல்லாக் கிராமங்களுக்கும் வந்தது. எங்கள் ஊரில் இன்றைக்கும் அதற்குப் பெயர் ஏரி வேலை. 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நம் அளவுக்கு வருடத்தில் 36 நாள் வேலை கிடைத்தால் மாதம் ஆயிரம் ஆகிவிடும். நூறு நாள் என்று பெயர் இருந்தாலும் நாடு முழுக்கச் சராசரியாக ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 50 நாள் பக்கம்தான். செய்த வேலையின் அளவு குறைந்தால் 336ம் முழுசாக வராது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை நிஜம். காலையில் ஒன்று, பிறகு ஒன்று என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆப்பில் போட்டோ எடுக்க வேண்டும். ஏரிக்கரையில் டவர் இல்லை என்றால் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை மேல் நடப்பார், நாற்பது பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். படம் ஏறவில்லை என்றால் அன்றைய கூலி சந்தேகம். 15 நாளில் கூலி தர வேண்டும் என்பது சட்டம். 2024 நவம்பர் கடைசியிலிருந்து மாதக்கணக்கில் தமிழ்நாட்டுக்கு வரவில்லை, 1,056 கோடி பாக்கி என்று முதல்வர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். செய்த வேலைக்குப் பொங்கலுக்குக் காசு இல்லாமல் வட்டிக்கு வாங்கியவர்கள் கட்டிய வட்டியை யார் கணக்கில் எழுதுவது? மறைந்திருக்கும் செலவு என்றால் இதுதான். அப்புறம் நடக்க முடியாதவர், கைக்குழந்தைக்காரி, ஊனமுற்றவர் பலருக்கு இது எட்டாது. வெட்டிய குளத்தையே வெட்டுகிறார்கள், மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற புகாரிலும் ஒரு பங்கு உண்மை உண்டு.

இத்தனைக்கும் பிறகும் நான் இதற்கு முதல் இடம் கொடுப்பதற்குக் காரணம் அந்த ஐந்தாவது அளவுகோல். 2008 வாக்கில் எங்கள் ஊரில் பெண்களுக்குக் களை எடுக்க 50, 60 ரூபாய் கூலி. ஏரி வேலைக்கு 80 என்று வந்த வருடம், களைக்கு ஆள் கூப்பிட வந்தவரிடம் பெரியம்மாவும் இன்னும் நாலு பேரும் திண்ணையில் உட்கார்ந்தபடியே "எண்பதுன்னா வர்றோம்" என்றார்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்தபடி பேசியதில்லை. அடுத்த போகத்தில் கூலி ஏறியது. ஏரி வேலைக்குப் போகாதவர்களுக்கும் சேர்த்து ஏறியது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. பிரிக்கப்படாத ஆந்திராவில் இந்தத் திட்டத்தின் கூலிப் பட்டுவாடாவைக் கைரேகை அட்டை மூலம் ஒழுங்குபடுத்திய பகுதிகளை மற்ற பகுதிகளோடு பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது, அதில் பெரும்பகுதி திட்டத்தில் வாங்கிய கூலியே இல்லை, வெளியில் வாங்கிய கூலி. கூலி விஷயத்தில் அரிசியும் பணமும் பெரும்பாலும் வாங்கினவர் வீட்டோடு நின்றுவிடுகின்றன. இதுதான் வாங்காதவரின் கூலியையும் நேராகத் தூக்குகிறது. "நூறு நாள் வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதில்லை" என்ற பழைய புகாரைத் திருப்பிப் படித்தால் அதுவே அதன் சான்றிதழ். சின்ன விவசாயிக்கு அது நிஜமான சுமை, மறுக்கவில்லை. நெல்லுக்குக் கட்டுப்படியான விலை இல்லாமல் கூலி மட்டும் ஏறினால் ஒன்றரை ஏக்கர்க்காரர் நடுவில் நசுங்குகிறார்.

இப்போது ஒரு எச்சரிக்கை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆகக் கூடின என்பதுதான் தலைப்புச் செய்தி. உள்ளே போனால், முன்பு கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு, இனி பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதம் போட வேண்டும். மத்திய அரசு வகுத்த ஒதுக்கீட்டுக்கு மேல் போனால் அதுவும் மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். களைக்கும் அறுப்புக்கும் ஆள் தேடும் நாட்களில்தான் பெண்களால் கூலி பேச முடியும், அந்த நாட்களில் ஏரி வேலை இல்லை என்றால் திண்ணையில் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது? நாள் கணக்கை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள்.

வரிக் குறைப்பு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2019 செப்டம்பரில் வளர்ச்சி சரிந்துகொண்டிருந்தபோது கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அந்த ஆண்டு ஊரக வேலைத் திட்டத்துக்கு ஒதுக்கியது 60,000 கோடி. குறைத்த வரியில் ஆலைகள் முளைக்கும் என்றார்கள். ஆறு மாதத்தில் கொரோனா வந்துவிட்டதால் பரிசோதனை முழுசாக நடக்கவில்லை என்பது நியாயமான வாதம்தான். ஆனால் அன்றைய பிரச்சினை, ஐந்து ரூபாய் பிஸ்கட் விற்கவில்லை என்பது. வாங்க ஆள் இல்லாத கடைக்கு இன்னொரு ஷட்டர் போட்டுக் கொடுத்தால் வியாபாரம் வராது.

2025 செப்டம்பரில் சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டியை 18லிருந்து 5 ஆகக் குறைத்ததை இதோடு சேர்க்க மாட்டேன், அது ஏழை வீட்டுக்கும் போகிற குறைப்பு. என்ன, ஐந்து ரூபாய் பாக்கெட்டில் விலை குறைவதைவிட உள்ளே ஒரு பிஸ்கட் கூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

எந்த நிலைமைக்கு எது

விலைவாசியும் ஏறி வேலையும் குறைகிற காலம் என்றால் அரிசி, கூடவே 30 ரூபாய்த் துவரம் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும். அப்போது பணம் கொடுத்தால் பாதியை விலை தின்றுவிடும். 2020 மாதிரி திடீர் அடி என்றால் முதல் இரண்டு மாதம் அரிசியும் பணமும், ஊர் திறந்ததும் வேலை. அந்த ஆண்டில் நாடு முழுக்க 389 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது, திட்டத்தின் வரலாற்றில் அதுதான் உச்சம்.

நகரம் என்றால் கணக்கே வேறு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர் குறைந்தபோது, திருப்பூரில் ஷிப்ட் போன டெய்லருக்கு ஊர் ஏரியில் வேலை இருந்து என்ன பயன்? அவருக்கு வாடகை நாள் நெருங்குகிறது. அங்கே பணம்தான், அதுவும் வடிகட்டாமல், சீக்கிரம்.

விலை ஓரளவு நிதானம், பங்குச்சந்தை ஜோர், ஆனால் கூலி மட்டும் நகரவில்லை என்கிற மெதுவான மந்தத்துக்கு என் ஓட்டு வேலைக்குத்தான். கூலியை நேரத்தில் போட்டால். போடவில்லை என்றால் என் ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்துக்குப் போடுவேன், ஏனென்றால் மூன்று மாதம் தாமதமாக வரும் கூலி கந்துவட்டிக்காரருக்குக் கொடுக்கும் மானியம்.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் பெரியம்மாவிடமே கேட்டேன், மூன்றில் ஒன்றை நிறுத்தியே ஆகணும் என்றால் எதை விடுவீங்க என்று. முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிசிய நிறுத்துனா மாவு மில்லுக்காரன் வருத்தப்படுவான். ஆயிரத்த நிறுத்துனா குழுக்காரி வந்து வாசல்ல உக்காந்துக்குவா. ஏரி வேலைய நிறுத்துனா நெலத்துக்காரருக்குத்தான் சந்தோசம்" என்றார். "எதை விடுவீங்கன்னு கேட்டேன்" என்றேன். "நீ அவரைப் போய்க் கேளு" என்றார்.